லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?
சட்டம் கேளாத கேள்வியும் படுவான்கரை வாகனங்களும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, பொழுது படும் திசையிற் கிடப்பதாற் படுவான்கரை எனப் பெயர் பெற்றது. அதன் தென்பகுதியிலே கந்தசுவாமி கோயிலாற் புகழ்பெற்ற மண்டூர் அமைந்துள்ளது. எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறைக்கும் மண்டூர்த் துறைக்கும் இடையே இயந்திரம் பூட்டிய 'பாதை' மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் ஏற்றி இறக்கி வந்துள்ளது. பாதையைத் தவறவிட்டவர் வெல்லாவெளிப் பக்கமாகச் சென்று பட்டிருப்புப் பாலத்தாற் களுவாஞ்சிக்குடியை அடைதல் வேண்டும். அன்றேல் தெற்கே நாவிதன்வெளி ஊடாகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குச் செல்லுதல் வேண்டும். மாரி வெள்ளம் பெருகினாற் கிட்டங்கியும் நீருள் மூழ்கும். கொழும்பிலே வாகனம் வைத்திருப்பவன் தூரத்தை நிமிடங்களில் அளப்பான். மண்டூரிலே வாகனம் வைத்திருப்பவன் அதனைப் பெற்றோலில் அளக்கிறான். ஆசுபத்திரிக்குப் போகும் வழியும், நெல்லை விற்கப் போகும் வழியும், பிள்ளையை மேலதிக வகுப்புக்குக் கொண்டு செல்லும் வழியும் அவனுக்கு லீற்றர்க் கணக்காகவே தோன்றும்.

இத்தகைய பிரதேசத்துக்குத்தான் குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும் வாகனம் முதலில் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். நடைமுறையில் அது இறுதியாகவும், அதிக விலைக்கும் வந்து சேர்கிறது. சில காலங்களில் வராமலே போகிறது. இதற்கு மண்டூரின் வறுமையைக் காரணங்காட்டுவது எளிது. ஆயின் வறுமை பாதிக் காரணமே. மீதிக் காரணம் கொழும்பில் வெளியாகும் வர்த்தமானி அறிவித்தல்களில் அடங்கியுள்ளது. இலங்கையின் வாகனச் சட்டங்களும் வரிகளும், வண்டியின் இயந்திரம் எத்தனை சீ.சீ. என்று கேட்டிருக்கின்றன, அதன் விலை என்னவென்று கேட்டிருக்கின்றன, அதனை வாங்குபவர் என்ன பதவி வகிக்கிறார் என்றுகூடக் கேட்டிருக்கின்றன. ஒரு லீற்றர் எரிபொருளில் அவ்வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கேள்வியை மாத்திரம் அவை ஒருபோதும் நேராகக் கேட்டதில்லை.

சிக்கனமான கார் சந்தையின் இயல்பான விளைபொருள் என்று நம்புவோர் உளர். வரலாறு இந்நம்பிக்கைக்குச் சான்று பகரவில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1975இல் இயற்றிய சட்டம், கார் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருட் செயற்றிறனுக்கு இலக்கு நிர்ணயித்தது. 1985ஆம் ஆண்டின் கார்கள் கலனுக்கு 27.5 மைல் ஓடுதல் வேண்டும் என்பது அவ்விலக்கு. இது நெருக்கடிக்கு முந்திய சராசரியின் ஏறக்குறைய இருமடங்காகும். இயலாது என்று முதலில் ஓலமிட்ட உற்பத்தியாளர்களே பின்னர் கார்களைச் சிறிதாக்கினர். அதே சட்டம் 'இலகு லொறி' எனப்பட்ட வகைக்குத் தளர்வான இலக்கை விதித்தமையால், லொறியின் அடிச்சட்டத்தில் ஏற்றிய பெருவண்டிகள் குடும்ப வண்டிகளாக வேடமிட்டுச் சந்தையை நிரப்பின. சட்டத்தின் ஒரு வாசல் சிறிய காரைப் பிறப்பித்தது. மறு வாசல் பெரிய வண்டியைப் பிறப்பித்தது. இரண்டிடத்தும் சந்தை சட்டத்தின் பின்னாலேயே நடந்தது.

யப்பானின் கதை மண்டூருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 'கெய்' எனப்படும் சிறு கார் வகைக்குச் சட்டம் அளவு வகுத்தது. 1990 முதல் அதன் இயந்திரம் 660 சீ.சீ.யை மிஞ்சலாகாது, 1998இல் நிர்ணயிக்கப்பட்டபடி நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் மிஞ்சலாகாது. இவ்வெல்லைக்குள் அடங்கும் வண்டிக்கு வரி குறைவு. அவ்வெல்லைக்குள் எவ்வளவு இடவசதியைத் திணிக்க முடியும் என்று பொறியியலாளர் மூளையைக் கசக்கியதன் விளைவே 1993இல் வெளிவந்த சுசுக்கி வாகன் ஆர். 1998இல் யப்பான் தன் எரிசக்திச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு வகையிலும் அவ்வேளை மிகச் சிறப்பாக ஓடும் வண்டியையே மற்றைய வண்டிகள் எட்ட வேண்டிய அளவுகோலாக்கியது. ஆகவே களுவாஞ்சிக்குடிச் சந்தியில் வாடகைக்கு நிற்கும் வாகன் ஆர் ஒன்றைக் காண்பவர், யப்பானியப் பாராளுமன்றத்தின் குழந்தையையே காண்கிறார் எனலாம். இந்தியாவிலும் 2006இல் நான்கு மீற்றருக்குட்பட்ட நீளமும் குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட இயந்திரமும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டதும், அதுவரை நீண்டிருந்த கார்களின் வால்கள் தாமாகவே வெட்டுப்பட்டன.

கார் செய்யும் நாடுகள் சட்டத்தாற் காரின் வடிவத்தையே மாற்றுகின்றன. கார் செய்யாத இலங்கைக்கு அந்த வல்லமை இல்லை. எந்தக் காரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் வல்லமையோ முழுமையாக உண்டு. ஒரே ஒரு கதவு. அதன் திறப்பு நிதி அமைச்சின் கையில். இந்தக் கதவு எவ்வாறு கையாளப்பட்டு வந்துள்ளது?

1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாற் கார் இறக்குமதி ஏறக்குறைய முற்றாக அடைபட்டது. நாட்டிலிருந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிச்சுகளும் ஒட்டுப்போட்டு ஓட்டப்பட்டன. 1977இன் பின்னர் கதவு திறக்கப்பட்டு யப்பானிய மீள்சீரமைப்புக் கார்கள் வரத் தொடங்கின. தமிழ்ப் பிரதேசங்களுக்கோ கதவுக்குள் இன்னொரு கதவு இருந்தது. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது எரிபொருள் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின் கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. புதிய கார் எதுவும் அந்நஞ்சை அருந்தி உயிர்பிழைத்திராது; பழைய தாழ்ந்த அமுக்கவிகித இயந்திரமே தாங்கியது. 'கட்டுப்பாடற்ற பகுதி' என அழைக்கப்பட்ட படுவான்கரைக்கும் எரிபொருள் சோதனைச் சாவடிகளில் அளவு பார்க்கப்பட்டே கடந்து சென்றது. எந்த வாகனம் ஓடும், எது துருப்பிடிக்கும் என்பதனை அரசியல் எவ்வளவு நேரடியாகத் தீர்மானிக்கவல்லது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 2007இற் படுவான்கரையில் யுத்தம் ஓய்ந்தபோது அங்கு எஞ்சியிருந்தவை சைக்கிள்களும், சில பழைய மோட்டார் சைக்கிள்களும், உழவு இயந்திரங்களுமே.

யுத்தம் முடிந்த பின்னர் வாகனம் வாங்கும் வாய்ப்பு முதன்முறையாகப் படுவான்கரையை எட்டியது. ஆயின் அவ்வாய்ப்பு எட்டிய காலமே கொழும்பின் வரிக்கொள்கை ஊஞ்சலாடிய காலமுமாயிற்று. 2010 யூன் மாதத்தில் வாகன வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஹைபிரிட் கார்கள் சலுகை பெற்று வந்திறங்கின. 2012 மார்ச் முடிவில் ரூபா வீழ்ந்ததும் வரிகள் உயர்ந்தன. 2015 சனவரி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 1000 சீ.சீ.க்குக் குறைந்த கார்களின் வரி குறைந்தது. அவ்வாண்டு நாட்டில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் பதிவாகின. அவற்றுள் கார்கள் மாத்திரம் ஒரு இலட்சத்தைத் தாண்டின. செலாவணி கரைவது கண்டு அரசு நடுங்கியது. அதே ஆண்டு நவம்பரில், குறைந்த வரியில் வந்துகொண்டிருந்த மின்சாரக் கார்களின் வரி பன்மடங்காக உயர்த்தப்பட்டது. 2017 நவம்பரில் இயந்திரக் கொள்ளளவே உற்பத்தி வரியின் அடிப்படை என்றாயிற்று. மின்சார வாகனங்களுக்கு மீண்டும் சலுகை. 2040இல் நாட்டில் எண்ணெயில் ஓடும் வாகனமே இராது என்றும் முழங்கப்பட்டது. ஓராண்டு நிறையுமுன், 2018 ஓகஸ்டில், 1000 சீ.சீ.க்குக் குறைந்த கார்களின் வரி உயர்ந்தது. செப்டெம்பரில், கார் இறக்குமதிக்கான நாணயக் கடிதம் திறப்பவர் அதன் பெறுமதியின் 200 வீதத்தை ரொக்கமாக வைப்பிட வேண்டும் என்று மத்திய வங்கி பணித்தது. 2020 மார்ச்சில் கதவு முற்றாக அடைபட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலே.

பதினைந்து ஆண்டுகளுள் ஒன்பது திருப்பங்கள்! இவற்றுள் ஒன்றேனும் எரிபொருட் சிக்கனத்தைத் தன் நிலையான நோக்கமாகக் கொண்டிருந்ததெனக் கூறவியலாது. ரூபா வலுவாயிருந்தாற் சுற்றாடல் நினைவுக்கு வரும். ரூபா சரிந்தாற் சுற்றாடல் மறக்கப்படும். 2017இன் திட்டத்திலே வாகனங்களுக்குக் காபன் வரி ஒன்றும் சேர்க்கப்பட்டது. 2019இல் நடைமுறைக்கு வந்த அது, ஆட்சி மாறியதும் போய்விட்டது. அதன் நன்மை தீமையை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய ஊஞ்சலாட்டத்தாற் பாதிக்கப்படுபவர் யார்? வர்த்தமானி வெளியாகுமுன் செய்தி அறிந்தவரும், அறிந்தவுடன் முழுப் பணத்தையும் எடுத்து வைக்கக் கூடியவரும் பாதிக்கப்படுவதில்லை. சிலர் இலாபமும் ஈட்டுவர். மண்டூரிலே ஒரு குடும்பம் கார் வாங்குவது இரண்டு மூன்று போக வேளாண்மையின் சேமிப்பை, நகையை, வெளிநாட்டிலிருக்கும் மகளின் உழைப்பைத் திரட்டியாகும். அத்திரட்டு முடிவதற்கிடையிற் சலுகை முடிந்துவிடும். அதன்பின் வாங்கக் கிடைப்பது, நகரத்தவர் ஓட்டிக் களைத்து விற்கும் வண்டி. ஹைபிரிட் என்றால் மின்கலம் தேய்ந்த ஹைபிரிட். வான் என்றால் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற பழைய டீசல் வான். சிக்கனம் முதலில் நகரத்துக்கு விற்கப்படுகிறது. அதன் தேய்ந்த எச்சமே கிராமத்துக்கு வருகிறது.

கடன் விதிகளிலும் இதே மனோபாவம். 2017இன் தொடக்கத்திலிருந்து, முச்சக்கர வண்டியின் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் வழங்கலாகாது என மத்திய வங்கி விதித்தது. மின்சாரக் காருக்கோ 90 வீதம்வரை கடன் பெற வழி திறந்தது. தத்துவத்தில் இது பசுமைக் கொள்கை. நடைமுறையில், தன் பிழைப்புக்காகப் பழைய வண்டியை மாற்றிப் புதிய வண்டி எடுக்க முனைந்த படுவான்கரை இளைஞன் முக்காற் பங்கு பணத்தைக் கையிலிருந்து போடவேண்டியிருந்தது. மின்சாரக் கார் வாங்கிய கொழும்பு வாசிக்குப் பத்திலொரு பங்கைப் போடுவதே போதுமாயிருந்தது. முச்சக்கர வண்டிகள் பெருகிவிட்டன என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பஸ் ஓடாத ஊரிலே முச்சக்கர வண்டிதான் பஸ் என்பதை விதி வகுத்தோர் அறியாதிருந்தனர் போலும்.

பதவிக்குத் தலைவணங்கும் விதிகளை இங்கே விட்டுவிடலாகாது. பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயர் அரச அலுவலருக்கும் வரிச்சலுகையுடன் வாகனம் தருவிக்கும் அனுமதிப்பத்திரங்கள் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டன. பதவி உயர உயரச் சலுகையின் எல்லையும் உயர்ந்தது. வாகனத்தின் எரிபொருட் செலவோ ஒரு நிபந்தனையாக இருந்ததில்லை. விளைவு யாவரும் அறிந்ததே. மக்களின் பிரதிநிதிகளுக்காக மூவாயிரம், நாலாயிரம் சீ.சீ. கொண்ட பெருவண்டிகள் வந்திறங்கின. அனுமதிப்பத்திரமே கைமாறி விற்பனையான கதைகளும் பத்திரிகைகளில் நிறைந்தன. எண்ணெயைச் சிக்கனமாய்ப் பயன்படுத்துங்கள் என்று நாட்டுக்கு உபதேசித்தவர் ஏறி வந்த வண்டி அது. 2024இற் பதவிக்கு வந்த அரசாங்கம் பாராளுமன்ற உறுப்பினருக்கு இச்சலுகை இல்லையென முடிவெடுத்தது பாராட்டுக்குரியது. ஆயின் சலுகையை நிறுத்துவது வேறு, சலுகையைச் சரியான வண்டிக்குத் திருப்புவது வேறு.

2022இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென வந்த திட்டம் இவ்விடயத்தில் ஒரு விசித்திரம். கார் இறக்குமதி அடைபட்டிருந்த அக்காலத்தில், அவ்வாண்டு மே மாதத்திலிருந்து வங்கி மூலம் தாய்நாட்டுக்குப் பணம் அனுப்பியோர், அனுப்பிய தொகையின் பாதிப் பெறுமதிவரை மின்சார வாகனம் ஒன்றைத் தருவிக்க அனுமதி பெறலாம் என்று கூறப்பட்டது. தீர்வையை அவர் செலுத்தவே வேண்டும். கணக்குப் பார்த்தால், பதினாயிரம் டொலர் பெறுமதியான கார் ஒன்றுக்கு இருபதாயிரம் டொலர் அனுப்பியிருத்தல் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் அனுப்பும் பணம் அரிசிக்கும் கூரைக்கும் கடன் வட்டிக்கும் கரைகிறது. அத்தொகையை அவர்கள் எந்தப் பிறவியில் அனுப்பி முடிப்பர்? நாட்டின் செலாவணியைத் தாங்கிய தோள் அவர்களுடையது. காரின் திறப்போ உயர்ந்த சம்பளம் பெறுபவர் கைக்கே எட்டியது.

இனி 2022ஆம் ஆண்டின் வரிசைகளைக் கருதுக. அவ்வாண்டு தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. யூன் இறுதியிலிருந்து சில நாட்கள் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறெவருக்கும் எரிபொருள் இல்லையென அறிவிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவிற் பாய்ந்தது. பின்னர் கியூ.ஆர். முறையின் கீழ்க் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர் எனப் பங்கீடு தொடங்கியது. அளவுகள் பின்னர் சில தடவை கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பர் முதலாந் திகதி பங்கீடு நீங்கியது.

இப்பங்கீட்டிற் காருக்குக் கார் வேறுபாடு இல்லை. லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும் சிறு காருக்கும் எட்டுக் கிலோமீற்றர் ஓடும் பெருவண்டிக்கும் ஒரே இருபது லீற்றர். சமமாக வழங்கியதே சிக்கனத்துக்குக் கொடுத்த பரிசு, சிறு கார் நானூறு கிலோமீற்றரும் பெருவண்டி நூற்றறுபது கிலோமீற்றருமே ஓடியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயின் பரிசைப் பெறுவதற்கு வேண்டிய வண்டியை வாங்கும் வழி 2020 மார்ச்சிலேயே அடைக்கப்பட்டுவிட்டதே! தேர்வு மண்டபத்தைப் பூட்டிவிட்டுச் சித்தியடைந்தோருக்குப் பரிசளிப்பதாக அறிவிப்பது போன்றதே இது. அந்த ஐந்து லீற்றருக்கோ வேறு கணக்கு உண்டு. முச்சக்கர வண்டியொன்று லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடுமென்று கொண்டாலும் கிழமைக்கு நூற்றிருபத்தைந்து கிலோமீற்றரே. மண்டூரிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஒருமுறை போய் வந்தாலே அக்கிழமையின் எண்ணெயிற் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்குச் சாரதியின் அடுப்பு எதனால் எரியும் என்பது பங்கீட்டு அட்டவணையிற் குறிக்கப்படவில்லை.

இங்கே எழுப்பப்படக்கூடிய பெரிய ஆட்சேபம் ஒன்றுண்டு. கார் ஆடம்பரப் பொருள். டொலர் இல்லாத நாடு கார் வாங்கலாகாது. பொதுப் போக்குவரத்தே ஏழைக்கு உகந்தது என்பர். பொதுப் போக்குவரத்துப் பற்றிக் கூறுவது முற்றிலும் சரி. நேரத்துக்கு ஓடும் இ.போ.ச. பஸ் எந்த ஹைபிரிட் காரிலும் சிக்கனமானது என்பதை மறுப்பவன் மூடன். ஆனால் பஸ்ஸையும் ஒழுங்காக விடாமல், பாலத்தையும் கட்டாமல், இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி கண்டவளைக் கொண்டுசெல்ல இருக்கும் ஒரே வாடகை வானை ஆடம்பரம் என்று பெயரிடுவது நேர்மையன்று. நகரத்திற் கார் ஆடம்பரமாகலாம். படுவான்கரையில் ஒரு கார் பெரும்பாலும் ஒருவருடைய உடைமையாயினும் ஊரினுடைய ஊர்தியாகும்.

டொலர்க் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் வாடகை வண்டியொன்று லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தருமாயின் 1,200 லீற்றர் குடிக்கும். இருபது கிலோமீற்றர் தருவதாயின் 600 லீற்றர் குடிக்கும். கதவு அடைபட்டிருந்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் இவ்வேறுபாடு 3,000 லீற்றராகும். 2022 யூலை நடுவில் நிலவிய 450 ரூபா விலைப்படி அது பதின்மூன்றரை இலட்சம் ரூபா. ஒரு சாரதியின் ஐந்தாண்டு உழைப்பிலிருந்து புகையாய்ப் போன தொகை இது. அந்த மூவாயிரம் லீற்றரும் டொலர் கொடுத்தே வாங்கப்பட்டவை. கார் ஒரு தடவை டொலரைக் கேட்கிறது. எண்ணெய் ஒவ்வொரு கப்பலிலும் டொலரைக் கேட்கிறது. எல்லாக் கார்களையும் நிறுத்தியதாற் சேமித்ததைக் கூறும் அமைச்சு, பழைய வண்டிகள் தொடர்ந்து ஓடியதால் இழந்ததையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். நெருக்கடியின் உச்சத்திற் பணமே இல்லாதிருந்தபோது கதவை அடைத்தமை தவிர்க்கவியலாதது என ஏற்றாலும், கதவைத் திறக்கும் ஒழுங்கையேனும் சிக்கனத்தைக் கொண்டு வகுத்திருக்கலாம். இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும் வண்டி முதலில், இருபது அடுத்து, எட்டு இறுதியில் என்ற வரிசை எவருக்கும் தோன்றவில்லை.

2025இல் திறந்த கதவின் அமைப்பையும் நோக்குவது தகும். பெற்றோற் காருக்கு இயந்திரக் கொள்ளளவுப் படிநிலைகள். ஹைபிரிட்டுக்குச் சற்றுத் தாழ்ந்த படிநிலைகள். மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற்று அளவு. இவற்றின் மேல் சுங்கத்தீர்வை, ஆடம்பர வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி எனத் தீர்வையின் தலையிலே தீர்வை. ஹைபிரிட்டுக்குச் சலுகை இருக்கிறதே, அது சிக்கனத்தைக் கேட்பதாகாதா எனின், ஆகாது. அது பெயரைக் கேட்கிறது. இரண்டரைத் தொன் எடையுள்ள பெருவண்டியொன்றும் ஒரு மின்கலத்தைச் சேர்த்துக்கொண்டு ஹைபிரிட் என்ற பெயரைச் சூடும். தன் படிநிலையில் அதற்கும் சலுகை உண்டு. மறுபுறத்திலே சிறிய இயந்திரங்களுக்குக் குறைந்தபட்சத் தொகையொன்று நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், மிகச் சிறிய கார் தன் சிறுமைக்குரிய பயனை முழுதாகப் பெறுவதில்லை. அளவுகோலின் அடிப்பகுதி வெட்டப்பட்ட ஏணியில் ஏழை எங்ஙனம் ஏறுவான்?

இதன் காரணம் அறியாமை என்று சொல்லித் தப்பிக்க விடலாகாது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அரசு தன் வருமானத்தை உயர்த்த வேண்டியிருந்தது. 2025இன் வருமான உயர்வில் வாகன வரி பெரும் பங்கை வகித்தது. வண்டி விலையுயர்ந்ததாயின் திறைசேரிக்கு வரவு. வண்டி அதிகம் குடிக்குமாயின் பெற்றோல் வரியாலும் திறைசேரிக்கு வரவு. விலை குறைந்து எண்ணெயும் குறைவாகக் குடிக்கும் வண்டி இருவகையிலும் திறைசேரிக்கு நட்டம். படுவான்கரைக்கு எது இலாபமோ அது திறைசேரிக்கு நட்டமாக இருக்கும்வரை, எந்த அமைச்சர் வந்தாலும் சீ.சீ. அளவுகோலைக் கைவிடத் தயங்குவார்.

சரியான கேள்வியைக் கேட்ட விதிகளும் இந்நாட்டில் இல்லாமலில்லை. 2008இலிருந்து 'டூ ஸ்ரோக்' முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவை எண்ணெயில் ஒரு பகுதியை எரிக்காமலே புகையாக வெளிவிட்டவை. தடை விதிக்கப்பட்டதும் 'போர் ஸ்ரோக்' வண்டிகள் வந்தன. ஊர்ச் சாரதிகள் முதலில் முணுமுணுத்தனர். பின்னர் மிச்சமான பெற்றோலைக் கண்டு மௌனமாயினர். ஒரு வரி விதி இலட்சக்கணக்கான வண்டிகளின் தன்மையை மாற்றியது. மின்குமிழ்களுக்கு நட்சத்திர முத்திரை குத்தும் அரசநிறுவனமும் நாட்டில் உண்டு. கடைக்குச் செல்பவர் எக்குமிழ் குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தரும் என நட்சத்திரங்களை எண்ணி அறியலாம். சில நூறு ரூபாக் குமிழுக்கு இந்த மரியாதை. பல இலட்சம் ரூபாக் காருக்கு அத்தகைய முத்திரை எதுவும் கட்டாயமாக்கப்படவில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையிலே வண்டி எவ்வளவு நஞ்சைக் கக்குகிறது என்பது பார்க்கப்படுகிறது; எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பது பார்க்கப்படுவதில்லை.

செய்யவேண்டியது அரிய தொழில்நுட்பம் எதனையும் வேண்டி நிற்கவில்லை. யப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் அந்நாட்டு அரசு ஏற்ற எரிபொருட் பரிசோதனை அளவு உண்டு. அவ்வளவைச் சுங்கப் படிவத்தில் எழுதச் சொல்லி, வரியின் ஒரு பகுதியையேனும் அதனோடு பிணைத்தால் தொடக்கத்துக்குப் போதும். இலாபத்தில் ஒரு பங்கு, தன் பழைய முச்சக்கர வண்டியைக் கொடுத்து மின்சார வண்டி பெறவிரும்பும் சாரதிக்குக் கடனாகச் செல்லட்டும். விதியை ஐந்தாண்டுக்கு மாற்றுவதில்லை என்று பாராளுமன்றம் வாக்களிக்கட்டும். நெல் விற்ற காசைச் சேர்ப்பவனுக்குச் சலுகையின் அளவைவிட அதன் ஆயுளே முக்கியம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் வாகனப் பதிவுச் சான்றிதழ் மண்டூரின் பல வீடுகளிலே காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் இயந்திர இலக்கத்துக்கு ஓர் இடம் உண்டு. அடிச்சட்ட இலக்கத்துக்கு, உருளைக் கொள்ளளவுக்கு, வெற்றெடைக்கு, எரிபொருள் வகைக்கு, முந்திய உரிமையாளருக்கு இடம் உண்டு. வண்டியின் நிறத்தை எழுதுவதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள்.